கீழ் அடுக்கு

குமணன்சாவடி
18.06.2025

டில்லிபாபுவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

முந்தாநாள் கண்ணம்மா இறந்து இரண்டு வருஷம் முடிந்தது. மகன் விக்ரம் காரில் அம்பத்தூர் கல்லறைக்கு அழைத்துப் போனான். எங்களுக்கு முன்னாலேயே யாரோ வந்து போயிருந்தார்கள். சிலுவைக்குக் கீழே ஒரு புது சாக்பீஸ் இருந்தது, முழுசாக, உடையாமல். "யாரோ குழந்தை விளையாடிட்டு விட்டுட்டுப் போயிருக்கு மாமா" என்று மருமகள் நிவேதிதா துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். நான் தலையாட்டி வைத்தேன். ஆனால் நம் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்து, பத்தொன்பது வருஷம் கரும்பலகையில் தினம் ஒரு நல்ல வாக்கியம் எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாதா?

அவளை அடக்கம் செய்த பதினேழாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். கேட்டில் நுழையும்போது போர்டில் இருந்தது இது: 'கேட்கிற காதுக்குச் சொல்லாத வார்த்தையும் கேட்கும்.' முப்பது வருஷம் இரும்புத் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டிக் காது போனவன் நான். கூடவே வாழ்ந்தவளுக்கு நெஞ்சில் வலி இருந்தது தெரியாமல் அவளைப் பறிகொடுத்தவன். ஷிப்டுக்கு வந்த அத்தனை பேரும் முதலில் போர்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். உன் சட்டையைப் பிடித்தது தப்பு என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. போர்டை முழங்கையால் துடைத்துவிட்டு அப்படியே வெளியே வந்தவன்தான், அந்தப் பக்கம் மறுபடி வரவில்லை.

கேள்வி இதுதான். அந்த வரியை ஏன் எழுதினாய்? என்னைப் பற்றி அவள் உன்னிடம் ஏதாவது சொன்னாளா?

போன் செய்யாதே, எனக்கு ஒன்றும் கேட்காது. வாட்ஸப்பிலும் அனுப்பாதே, என் போன் பாதி நேரம் நிவேதிதாவிடம்தான் இருக்கும். எழுது. சாக்பீஸ் வைக்கிற வேலையையும் நிறுத்து.

இருதயராஜ்


மேனாம்பேடு, அம்பத்தூர்
25.06.2025

அன்புள்ள அண்ணாத்தே,

மரியாதையாக 'நீங்கள்' போட்டு இரண்டு தாள் எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுவது போலிருந்தது. கிழித்துவிட்டு மூன்றாவது தாளில் பழையபடியே ஆரம்பித்திருக்கிறேன். கோபம் வந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

சாக்பீஸ் வைத்தது நான்தான். போன வருஷமும் வைத்தேன், மழையில் கரைந்திருக்கும்.

அந்த வரி உன்னைக் குத்த எழுதியதில்லை. நீ முப்பதாம் நாள் பூசை முடிந்துதான் வருவாய் என்று நினைத்தேன். நீ இல்லாத நாளில் எழுதி, நீ வருவதற்குள் அழித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். நீ பதினேழாம் நாளே வந்து நிற்பாய் என்று யார் கண்டார்கள்?

ஒன்று சொல்கிறேன் கேள். போர்டில் எதை எழுதினாலும் யாராவது ஒருவர் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்வார். 'எல்லாம் தெரிந்தவனுக்குக் காபி மட்டும் எப்போதும் ஆறிப்போகும்' என்று ஒருநாள் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? மேனேஜர் ராகவன் கூப்பிட்டனுப்பினார். "டில்லிபாபு, நான் ரொம்பப் பேசறேன்னு உனக்கு யார் சொன்னா?" என்று முக்கால் மணி நேரம் பேசினார். மேசையில் அவருடைய காபி ஆறிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் முதல் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார் பாவம்.

போர்டு இப்போது காலியாக இருக்கிறது. கொஞ்ச நாள் வாட்ஸப்பில் வருவதைப் பார்த்து எழுதினேன். "இன்னா டில்லி, சரக்கு தீந்துபோச்சா?" என்று கேண்டீன் கலியமூர்த்தி கேட்டான். அதோடு விட்டுவிட்டேன்.

எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எனக்கு இப்போது மதியம் கேண்டீன்தான். அதைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும்.

உன்
டில்லி


குமணன்சாவடி
03.07.2025

டில்லிபாபுவுக்கு,

'மன்னிப்புக் கேட்கிறவன் காரணம் சொல்ல ஆரம்பித்தால், கேட்டதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறான்.' இது 2011 பிப்ரவரியில் நீ எழுதியது. என் டைரியில் இருக்கிறது. உனக்கே திருப்பி அனுப்புகிறேன்.

ஆமாம், டைரி. உனக்குத் தெரியாது. உன் வரிகளை வேலைக்கு உள்ளே போகும்போது படித்து, பீடிக்கட்டு அட்டையில் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் டைரியில் எழுதுவேன். எழுதுவதற்கு முன் கண்ணம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் அரிசி களைந்துகொண்டிருப்பாள். "பார், எட்டாவது படித்தவன். எப்படி யோசிக்கிறான் பார். நீயும் பன்னிரண்டு வரை படித்தாய், என்ன பிரயோசனம்?" என்பேன். அவள் சிரிப்பாள். அப்போது எனக்குக் கொஞ்சம் காது இருந்தது. "டில்லி தம்பிக்கு மூளை அதிகம்தான்" என்பாள்.

விக்ரம் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்பதாவது மாடி. பால்கனியில் நின்றால் குமணன்சாவடி ஜங்ஷன் முழுக்கத் தெரியும். அத்தனை லாரி, அத்தனை பஸ், ஒன்றுக்கும் சத்தம் கிடையாது. காலையில் எட்டரைக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். மதியம் சமையல்காரம்மா வந்து சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவார். நான் திறந்து சாப்பிட்டுவிட்டு மூடி வைப்பேன். நாள் முழுக்க என்னைப் பார்த்து யாருடைய வாயும் அசைவதில்லை. இரக்கத்துக்காக எழுதவில்லை. நீ கேட்டாய், சொன்னேன்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். கேட்டதைத் தவிர எல்லாம் இருக்கிறது. 'நீ இல்லாத நாளில் எழுதி அழித்துவிட' என்கிறாய். எனக்குத் தெரியக்கூடாத ஒரு வரியை எதற்காக எழுத வேண்டும்? அவள் கல்லறையில் வருஷா வருஷம் சாக்பீஸ் வைக்க நீ யார்? அவள் போனதும் உன் சரக்கு ஏன் தீர்ந்தது?

எனக்கு வயது அறுபத்து மூன்று. இந்த வயதில் ஒரு மனிதன் இதைக் கேட்பது அசிங்கம். ஆனால் பேச ஆளில்லாத வீட்டில் ஒரு சந்தேகம் புகுந்துவிட்டால் அது மட்டும்தான் துணைக்கு இருக்கும். என் மனைவிக்கும் உனக்கும் என்ன இருந்தது?

இருதயராஜ்


மேனாம்பேடு
10.07.2025

அண்ணாத்தே,

இனி சொல்லாமல் இருந்தால் நான் மனுஷன் இல்லை. அண்ணியிடம் செய்துகொடுத்த சத்தியத்தை உடைக்கிறேன். மேலே போய் அவரிடமே பேச்சு வாங்கிக்கொள்கிறேன்.

போர்டில் வந்த வரிகளில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாமே அண்ணி எழுதியது.

2003 டிசம்பரில் ராகவன் அந்தப் போர்டை மாட்டி, தினம் ஒரு நல்ல சிந்தனை எழுத வேண்டும் என்று என் தலையில் கட்டினார். மூன்று நாளில் எனக்குத் தெரிந்த பழமொழிகள் தீர்ந்துவிட்டன. அந்த வாரம் உங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்தேன். நீ குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாய். "அண்ணி, நாளைக்கு இன்னா எழுதறதுன்னே தெரில" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

என் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், இருபத்தைந்து வருஷமாக பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அது உனக்குத் தெரிந்த கதை. நான் பட்டினி கிடப்பேன் என்று உன் டிபன் காரியரில் கீழ் அடுக்கை எனக்காக அண்ணி கட்டிக் கொடுப்பார். மறுநாள் மதியம் அந்த அடுக்கைத் திறந்தேன். மூடிக்கு உள்பக்கம், பால் பாக்கெட் கவரில் சுற்றி ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரு வரி.

அன்றிலிருந்து கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். நீதான் அண்ணாத்தே தூக்கிக்கொண்டு வந்தாய். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, கூட்டத்தில் மடியில் வைத்துப் பிடித்து, நீயே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். "இது உன்னோடது" என்று சொல்லித்தான் கொடுப்பாய். ஒரு நாளும் கீழ் அடுக்கை நீ திறந்து பார்த்ததில்லை. மறுநாள் காலையில் போர்டில் அதையே படித்து, அதையே வீட்டுக்குக் கொண்டுபோய் அவருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறாய். இதை உன் கடிதத்தில் படித்துச் சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது.

'பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணுகிறவள் தன் வீட்டுப் பருப்பைக் கருகவிடுவாள்' என்று ஒருநாள் வந்ததே, அது ஒரு வாட்ச்மேன் எழுதுகிற வரியா? உனக்கு அப்போதாவது தோன்றியிருக்க வேண்டாமா?

"அவருக்குச் சொல்லிடாதே தம்பி" என்று அண்ணி கேட்டுக்கொண்டார். ஏன் என்றேன். "நான் எழுதினதுன்னு தெரிஞ்சா படிக்க மாட்டார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னார்.

அந்தக் கடைசி நாள் மதியம் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். மூன்று மணிக்கு உங்கள் பக்கத்து வீட்டிலிருந்து கேட் போனுக்குத் தகவல் வந்தது. பிரஸ் சத்தத்தில் உனக்குச் சொல்ல முடியாமல், இரும்புத் தகட்டில் சாக்பீஸால் 'அண்ணிக்கு உடம்பு சரியில்லை, கிளம்பு' என்று எழுதிக் காட்டினேனே, அப்போதும் அந்தச் சீட்டு என் பையில்தான் இருந்தது. அவருடைய கடைசி வரி. அது ஒருநாளாவது போர்டில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பு என் ஆசையில் இல்லை, நாளில்.

உங்கள் இருவரைத் தவிர எனக்கும் யாரும் இருந்ததில்லை. நீ கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்கு வேறு பதில் என்னிடம் கிடையாது.

டில்லி


குமணன்சாவடி
19.07.2025

டில்லிபாபு,

பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். ஒருத்தி வீட்டில் சிரித்தாள், ஒருவன் கேட்டில் சிரித்தான். நடுவில் நான் டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

இனி எழுதாதே.

இருதயராஜ்


மேனாம்பேடு
11.08.2025

அண்ணாத்தே,

எழுதாதே என்றாய். மூன்று வாரம் எழுதவில்லை. இதுவும் கடிதம் இல்லை, பார்சலுக்கு மேல் வைக்கிற சீட்டு.

பிஸ்கட் டப்பாவில் இருப்பது அண்ணியின் சீட்டுகள். முக்கால்வாசிக்கு மேல் 2023 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டன. மிச்சம் அறுநூறு சொச்சம் இருக்கும். இது என்னிடம் இருக்க வேண்டிய பொருள் இல்லை.

ஒவ்வொன்றையும் திருப்பிப் பார். முன்பக்கம் போர்டுக்கு. பின்பக்கம் சில நாளில் எனக்கு ஒன்றிரண்டு வார்த்தை இருக்கும். அவை பெரும்பாலும் உன்னைப் பற்றித்தான். நான் சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். சிரித்ததுண்டு. உன்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. மதியம் ஒரு மணிக்காகக் காலையிலிருந்து காத்திருந்தவன் நான். ஒரு குடும்பத்தின் ஓரத்தில் எனக்கு ஓர் அடுக்கு இருந்தது. அவ்வளவுதான் என் வாழ்க்கையில் நடந்த நல்லது.

பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

டில்லி


குமணன்சாவடி
02.09.2025

அன்புள்ள டில்லி,

டப்பா வந்தது. ஒரு வாரம் திறக்கவில்லை. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, தரையில் உட்கார்ந்து கொட்டினேன்.

முன்பக்கமெல்லாம் என் டைரியில் இருப்பவைதான், எனக்கு மனப்பாடம். பின்பக்கத்தைத்தான் படித்தேன்.

'நேற்று எழுதியது அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டு முறை வாசித்தார்.' 'இன்று வாசிக்கவில்லை. கோபமா, அசதியா தெரியவில்லை.' 'கத்தரிக்காயில் உப்பு சரியா தம்பி? அவர் எது போட்டாலும் சாப்பிடுவார், ஒன்றும் சொல்லமாட்டார். சரி என்றால் மூடியைக் கவிழ்த்து வை.' 'சாம்பாரில் உப்பு?' 'இன்றைக்கு ரசத்தில் கை தவறிவிட்டது என்று நினைக்கிறேன். உள்ளதைச் சொல்.'

எண்ணவில்லை. உப்பு பற்றி மட்டும் ஒரு குவியல் சேர்ந்தது.

மூடியைக் கவிழ்த்து வைக்கிற உன் பழக்கம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது டில்லி. வீட்டுக்குப் போய் காரியரைக் கழற்றும்போது, "இவனுக்கு ஒரு மூடியைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாது" என்று தினமும் உன்னைத் திட்டுவேன். அவள் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். மூடி கவிழ்ந்திருந்தால் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். உன்னைத் திட்டுவது அவளுக்குப் பிடிக்கிறது போலும் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை திட்டுவேன்.

நான் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை தெரியுமா? சரியாக இருந்ததால்தான் சொல்லவில்லை. அதிகமாக இருந்தால் சொல்லியிருப்பேன், குறைந்திருந்தால் கத்தியிருப்பேன். சரியாக இருப்பதை ஒருவன் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பிரஸ்ஸும் அப்படித்தானே. ஒழுங்காக ஓடும்போது எவன் அதைப் பற்றிப் பேசுவான்? ஒரு மனுஷியை நான் மெஷினைப் போல் வைத்திருந்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கடைசி வரியைப் பற்றி. அன்று காலை தண்ணீர் லாரி வந்தது. தினமும் அவள்தான் குடங்களை மாடிக்குத் தூக்குவாள். அன்று அவள் படிக்கட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி எட்டுக் குடத்தையும் நானே ஏற்றினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு உள்ளே போனாள். சட்டியில் எண்ணெய் காய்கிற நேரத்தில் ஒரு பேனாவைத் தேடினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வரி என்னைத் திட்டி எழுதியதா, என்னை மெச்சி எழுதியதா? டப்பாவைத் திறந்த நாளிலிருந்து இதைத்தான் யோசிக்கிறேன். மெச்சியது என்று ஒருநாள் தோன்றும். அப்படியானால் எனக்கு அவள் எழுதிய ஒரே நல்ல வார்த்தையை நான் முழங்கையால் துடைத்திருக்கிறேன். திட்டியது என்று மறுநாள் தோன்றும். குடத்தை வாங்கியவன், வலிக்கிறதா என்று ஏன் கேட்கவில்லை என்று. தெரிந்துகொள்ள இனி வழியில்லை. இந்தத் தனிமையை நானே சம்பாதித்தேன், அதை நானே சாப்பிட வேண்டும்.

உன் சட்டையைப் பிடித்தது தப்பு. காரணம் சொல்லப்போவதில்லை.

ஒரு உதவி செய். அந்தப் போர்டு இன்னும் இருக்கிறதல்லவா? ஒரு நாள் மட்டும் நான் சொல்வதை எழுது. யாருக்கும் புரிய வேண்டாம். இரண்டே வார்த்தை:

'உப்பு சரிதான்.'

உன்
அண்ணாத்தே


மேனாம்பேடு
09.09.2025

அன்புள்ள அண்ணாத்தே,

நேற்று காலை முதல் ஷிப்டுக்கு முன்னால் போர்டை ஈரத்துணியால் துடைத்தேன். இரண்டு வருஷத் தூசி. காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு எழுதினேன், என் கையால் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக.

எல்லாரும் நின்று படித்தார்கள். கேண்டீன் கலியமூர்த்தி ஓடிவந்து, "டில்லி, இத்தினி வருஷத்துல நீ ஒருத்தன்தான் நம்ம சாம்பாரப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லிக்கீற" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. இது உனக்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதியம் இரண்டு வடை அதிகமாக வைத்தான். பிரஸ் ஷாப்பில் உன் இடத்தில் இப்போது பிரசன்னா என்று ஒருவன் இருக்கிறான், கல்யாணமாகி மூன்று மாதம். அவன் மட்டும் ரொம்ப நேரம் நின்று பார்த்தான். பிறகு போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றான். மணி காலை ஏழு. டப்பாவை இன்னும் திறந்திருக்கவில்லை.

ராகவன் ரிடையர் ஆகிவிட்டார். இல்லாவிட்டால் இது எந்த வகைச் சிந்தனை என்று முக்கால் மணி நேரம் கேட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. கல்லறைக்குப் போகிறேன். நீயும் விக்ரமை எதிர்பார்க்காமல் பஸ் ஏறி வா. பேச வேண்டாம், எனக்கும் தொண்டை வலிக்கும். ஒரு சிலேட்டு கொண்டுவருகிறேன். சாக்பீஸ் மழையில் கரையாமல் இருந்தால் அங்கேயே இருக்கும்.

அண்ணாத்தே, இன்று காலை போர்டை அழிக்கப் போனேன், கை வரவில்லை. ஒருநாள் மட்டும் என்று நீ சொன்னதை மீறிவிட்டேன். அதை அழித்தால் அந்த இடத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. அன்றைக்கு அண்ணியிடம் சொன்னதையே இன்று உன்னிடம் சொல்கிறேன். நாளைக்கு இன்னா எழுதறதுன்னே தெரில.

டில்லி